பந்தைக் கொடு, நேரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா வயித்துக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்த ஒரு விஷயத்தைக் கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். ஃபுட்பால் பிடிக்காத மக்கள் பயந்து ஓட வேண்டாம். நடுவுல கபடி வரும், கிரிக்கெட் வரும், எங்க ஊரு ஜவ்வாது மலையும் வரும். :-)

மேட்டர் என்னன்னா, ஃபுட்பால்ல நேரம் கடத்துறதை ஒழிக்க சமீபத்துல வந்திருக்கிற விதி மாற்றங்கள். அதைப் பத்தி ஆபீஸ் கேன்டீன்ல ஒரு பெரிய சண்டை. "ஜெயிக்கிற டீம் நேரம் கடத்தத்தான் செய்யும், அது மூளை. மூளைக்கு எதுக்குடா தண்டனை?"ன்னு ஒரு கோஷ்டி. "பேசாம கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட விடு, பிரச்சினையே தீர்ந்தது"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருமே தப்புன்னு நான் சொல்றேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

2025 பொங்கல். ஜமுனாமரத்தூர் பக்கம் எங்க ஊர்ல ஒரு சின்ன டோர்னமெண்ட். மலையில வாலிபாலும் கபடியும் கிரிக்கெட்டும்தான் ராஜா. ஃபுட்பால் எல்லாம் விடுதியில தங்கிப் படிச்ச நாலு பசங்க கொண்டு வந்து ஒட்ட வச்சது. கிரவுண்டுன்னு சொல்ற இடத்துல ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழ அறுத்து முடிச்ச சாமைக் கொல்லை. ஃப்ளட் லைட் கிடையாது. சூரியன்தான் லைட். அதுவும் மேற்கால மலை இருக்கறதால மத்த ஊரை விட எங்களுக்கு கொஞ்சம் சீக்கிரமே கரண்ட் கட்.

ஃபைனல். எங்க பசங்களுக்கும் கீழ சமவெளியிலேர்ந்து டாடா ஏஸ்ல வந்து இறங்கின ஒரு டீமுக்கும். பேரு வேண்டாம். பாதிக்கு 30 நிமிஷம். பரிசு கொடுக்க வந்தவர் பேசி முடிக்கவே நாலே முக்கால் ஆயிடுச்சு. ரெண்டாவது பாதி ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல அவங்க ஒரு கோல் போட்டாங்க. நல்ல கோல், குறை சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் ஆட்டம் முடிஞ்சு போச்சு. விசில்தான் ஊதலை.

கோல் கிக்னு வந்தா கோல்கீப்பர் சாக்ஸை இழுத்து விடுவார், ஷூவைக் கம்பத்துல தட்டுவார், பந்தை இடது மூலையில வைப்பார், யோசிப்பார், வலது மூலைக்கு எடுத்துட்டுப் போவார். த்ரோ இன்னு வந்தா ஒருத்தர் பந்தைத் தூக்குவார், எறியற மாதிரி ரெண்டு தடவை காட்டுவார், அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி கீழ போட்டுட்டு "நீ வா"ன்னு இன்னொருத்தரைக் கூப்பிடுவார். ஆள் மாத்தறாங்கன்னா வெளிய போறவர் சரியா கிரவுண்டோட அந்தக் கோடியில இருப்பார், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வருவார். பந்து எங்க காலுக்கு வந்துட்டா யாராவது ஒருத்தர் விழுந்து காலைப் பிடிச்சுப்பார். வேற வழியே இல்லன்னா, ஓங்கி ஒரு உதை, பந்து சாமைக் கொல்லைக்கு. எங்க ஊரு சின்னப் பசங்க மாத்தி மாத்தி சரிவுல உருண்டு போய் எடுத்துட்டு வந்தாங்க.

கடைசி 15 நிமிஷத்தை என் ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல அளந்தேன். பொட்டி தட்டறவன் புத்தி, அளக்காம இருக்க முடியாது. பந்து உண்மையா விளையாட்டுல இருந்தது 6 நிமிஷம் 10 விநாடி. மிச்சம் எல்லாம் சாக்ஸ், ஷூ, ஊர்வலம், சாமைக் கொல்லை.

ரெஃப்ரி எங்க பி.டி. சார். நேர்மையான மனுஷன். ஒரு விசில், ஒரு வாட்ச், நாலாவது அதிகாரி எல்லாம் கிடையாது. அவரும் அஞ்சு நிமிஷம் கூடக் கொடுத்தார். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல பந்தே கண்ணுக்குத் தெரியலை. கறுப்பா ஏதோ ஒண்ணு ஓடுது, அதைச் சுத்தி கறுப்பா நாலு பேரு ஓடறாங்க. அவ்ளோதான். 1-0.

முடிஞ்சதும் எங்க டீம்ல லெஃப்ட் விங் ஆடற பத்தாங்கிளாஸ் பையன் என்கிட்ட வந்தான். அழுவான்னு நெனச்சேன். அழலை. கேட்டான்: "அண்ணா, அவங்க ரூலை எதுவும் மீறலயே? அப்ப நாமளும் அடுத்த தடவை இப்படித்தான ஆடணும்?"

என்னத்த சொல்ல? என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா நானும் அந்தக் கூட்டம்தான். இஞ்சினியரிங் படிக்கும்போது காலேஜ் டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். ஒரு ஆட்டத்துல ஒரு கோல் முன்னாடி இருக்கும்போது, வயித்துல பந்து பட்ட மாதிரி ரெண்டு தடவை படுத்தேன். அன்னிக்கு ராத்திரி மெஸ்ல பரோட்டா வாங்கிக் கொடுத்து "செம மூளைடா உனக்கு"ன்னு கொண்டாடினாங்க. அந்தப் பரோட்டா இன்னும் செரிக்கலை.

மறுநாள் காலையில இன்னொண்ணு பார்த்தேன். அதுதான் இந்தப் பதிவையே எழுத வைக்குது. அதே கிரவுண்டுல அஞ்சாவது ஆறாவது படிக்கற பசங்க விளையாடிட்டு இருந்தாங்க. என்னடா விளையாட்டுன்னு பார்த்தா, விழுந்து காலைப் பிடிச்சுக்கிட்டு உருள்றது. யாரு ரொம்ப நேரம் உருள்றான்னு போட்டி!

*

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஃபுட்பால் விதிகளை எழுதறது ஃபிஃபா தனியா இல்லை. ஐஎஃப்ஏபின்னு ஒரு வாரியம், 1886-லேர்ந்து இருக்குது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலுக்கும் ஆளுக்கொரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நாலு ஓட்டு. மொத்தம் எட்டுல ஆறு விழுந்தாத்தான் ஒரு கமாவை மாத்த முடியும். அதனால எல்லாமே ஆமை வேகம்.

ஆனாலும் மாத்தியிருக்காங்க. 1990 உலகக் கோப்பையில ஆட்டத்துக்கு சராசரி 2.21 கோல்தான். அதுவரைக்கும் நடந்ததுலயே குறைவு. டிஃபெண்டர் பந்தைத் திருப்பி கீப்பர்கிட்ட தட்டுவார், கீப்பர் கையில எடுப்பார், உருட்டி விடுவார், மறுபடி டிஃபெண்டர் திருப்பித் தட்டுவார். இப்படியே பொழுது போகும். 1992-ல விதி வந்தது: சொந்த ஆளு காலால வேணும்னே தட்டின பந்தை கீப்பர் கையால தொடக் கூடாது. அப்பவும் "ஆட்டத்தைக் கெடுக்கறாங்க"ன்னு புலம்பினவங்க உண்டு. இன்னிக்கு அந்த விதி இல்லாத ஃபுட்பாலை யாராலயாவது நெனச்சுப் பார்க்க முடியுமா? காலால பாஸ் பண்ணத் தெரிஞ்ச கீப்பர்களை உருவாக்கினதே அந்த விதிதான்.

அதே சமயம் செத்துப் பிறந்த விதியும் உண்டு. கீப்பர் பந்தை ஆறு விநாடிக்கு மேல கையில வச்சிருக்கக் கூடாதுன்னு ரொம்ப வருஷமா புத்தகத்துல இருந்தது. மீறினா பெனால்டி ஏரியாவுக்குள்ளயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக். யாராவது கொடுத்துப் பார்த்திருக்கீங்களா? எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பெண்கள் செமி ஃபைனல், ஓல்ட் டிராஃபோர்டுல. கனடா 3-2ன்னு முன்னாடி இருந்தப்ப கனடா கீப்பர் எரின் மெக்லியாட் பந்தை வச்சிருந்தாங்கன்னு ஃப்ரீ கிக் கொடுத்தாங்க. அந்தக் கிக் ஒரு டிஃபெண்டர் கையில பட்டு பெனால்டி ஆச்சு, அமெரிக்காவோட ஆபி வாம்பாக் அடிச்சு 3-3. கூடுதல் நேரத்துல 4-3ன்னு அமெரிக்கா ஜெயிச்சது. கனடாக்காரங்க இன்னிக்கும் அதைச் சொல்லிப் பொருமறாங்க. பொருமறதுல நியாயமும் இருக்குது. எல்லாரும் மீறற விதியை ஒருத்தருக்கு மட்டும் திடீர்னு அமல்படுத்தினா அது நீதி இல்லை, லாட்டரி.

ஏன் அந்த விதி செத்தது? தண்டனை ரொம்பப் பெருசு. கோலுக்கு எட்டு கஜம் முன்னாடி ஃப்ரீ கிக்னா பாதி கோல் மாதிரி. ரெண்டு விநாடி தாமதத்துக்கு அரை கோல் கொடுக்க எந்த ரெஃப்ரிக்கும் மனசு வராது. சின்ன பக்குக்கு சர்வரையே அணைச்சுடுன்னு எழுதி வச்ச மாதிரி. எவனும் அந்தப் பட்டனை அமுக்க மாட்டான்.

2025-ல இதை மாத்தினாங்க. ஆறு விநாடியை எட்டாக்கினாங்க, தண்டனையை கார்னராக் குறைச்சாங்க, கடைசி அஞ்சு விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல் விட்டுக் காட்டணும்னு சேர்த்தாங்க. விதியை இளக்கிட்டாங்களேன்னு தோணும். ஆனா இளக்கினதாலதான் அதுக்கு உயிர் வந்தது. முன்னோட்டமா வச்சுப் பார்த்த ஆட்டங்கள்ல கார்னர் கொடுக்க வேண்டிய அவசியமே எப்பவாவதுதான் வந்தது. விரல் குறைய ஆரம்பிச்சாலே கீப்பர் கையிலேர்ந்து பந்து பறக்குது. சில்லறைத் தண்டனை, ஆனா நிச்சயமா விழும். அது போதும்.

2026 பிப்ரவரி மாசம் நடந்த ஆண்டுக் கூட்டத்துல இதையே இன்னும் நீட்டினாங்க. த்ரோ இன்னோ கோல் கிக்கோ இழுத்தடிச்சா ரெஃப்ரி அஞ்சு விநாடி எண்ணுவார். எண்ணி முடிச்சும் பந்து வரலைன்னா த்ரோ எதிரணிக்கு, கோல் கிக்னா எதிரணிக்கு கார்னர். ஆள் மாத்தும்போது வெளிய போறவருக்கு பத்து விநாடி. அதுக்குள்ள போகலைன்னா உள்ள வர்றவர் குறைஞ்சது ஒரு நிமிஷம் வெளியவே நிக்கணும். கிரவுண்டுல சிகிச்சை எடுத்துக்கிட்டவர் ஆட்டம் தொடங்கினப்புறம் ஒரு நிமிஷம் வெளிய இருக்கணும்.

முதல் ரெண்டுக்கும் என் ரெண்டு கையும் தூக்கி ஆதரவு. மூணாவதுல எனக்கு சண்டை இருக்குது, பின்னாடி வர்றேன்.

*

முதல்ல "அது மூளை" கோஷ்டிக்கு. அய்யா, மூளைன்னா எதிராளியால செய்ய முடியாததைச் செய்யறது. கார்னர் கொடி பக்கத்துல பந்தைக் காலுக்கடியில காப்பாத்தி நிக்கறது மூளை. முப்பது பாஸ் போட்டு எதிராளியை ஓட விடறது மூளை. பந்து ஆட்டத்துல இருக்குது, வந்து பிடுங்கிக்கோன்னு சவால் இருக்குது. ஷூ லேஸ் கட்டறதுல என்ன சவால்? அதை எதிராளி எப்படித் தடுப்பான்? தடுக்கவே முடியாத ஒண்ணு திறமையே கிடையாது. நோகாம நொங்கு திங்கறதுக்குப் பேரு மூளையா?

நம்ம கபடியைப் பாருங்க. பாடிப் போறவன் மூச்சுதான் அந்த ஆட்டத்தோட கடிகாரம். மூச்சு விட்டா அவுட். நேரம் கடத்தணும்னா சொந்த நுரையீரலைச் செலவு பண்ணித்தான் கடத்தணும். எங்க தாத்தா காலத்து சடுகுடு ஆளுங்க இதுக்கு வாரியமும் ஓட்டும் வைக்கலை, மூச்சையே விதியாக்கி வச்சிருந்தாங்க. அதையும் மீறி, சும்மா போய் கோட்டைத் தொட்டுட்டு வர்ற வழக்கம் வந்தப்ப, ப்ரோ கபடியில அதுக்கும் பூட்டு போட்டாங்க. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. தொடர்ந்து ரெண்டு வெத்து ரெய்டு போனா மூணாவதுல பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லைன்னா அவன் அவுட். ஆட்டம் கெட்டுப் போச்சா? அந்த மூணாவது ரெய்டுக்குத்தான் கூட்டமே எழுந்து நிக்குது.

கிரிக்கெட்லயும் இதே கதைதான். ஓவர் மெதுவாப் போட்டா கேப்டனுக்கு மேட்ச் ஃபீஸ்ல அபராதம்னு வருஷக் கணக்கா விதிச்சாங்க. கோடியில சம்பாதிக்கறவனுக்கு அது டீக்காசு. 2022 ஜனவரியிலேர்ந்து டி20-யில, ஓவர் பாக்கி இருந்தா மிச்ச ஓவருக்கு வட்டத்துக்கு வெளிய ஒரு ஃபீல்டர் குறைவுன்னு ஆக்கினாங்க. 2024-லேர்ந்து ஓவருக்கும் ஓவருக்கும் நடுவுல 60 விநாடிக் கடிகாரம், மூணாவது தடவை மீறினா எதிரணிக்கு அஞ்சு ரன். தண்டனை பர்ஸிலிருந்து ஸ்கோர் போர்டுக்கு வந்ததும் எல்லாரும் ஓட்டமா ஓடி பொசிஷனுக்குப் போறாங்க.

ஃபுட்பால்ல இதுவரைக்கும் இருந்த தண்டனை மஞ்சள் அட்டை. ஆட்டத்தை மறுபடி தொடங்க விடாம இழுத்தடிச்சா மஞ்சள்னு ஏற்கனவே விதி இருக்குது. ஆனா 88-வது நிமிஷத்துல கீப்பருக்குக் கிடைக்கிற மஞ்சள் அட்டையால யாருக்கு என்ன நஷ்டம்? அதைச் செலவுக் கணக்குல முன்கூட்டியே எழுதி வச்சுட்டுத்தான் கடத்தறாங்க. எங்க தொழில்ல சொன்னா, மஞ்சள் அட்டைங்கறது வார்னிங். ஆயிரம் வார்னிங் வந்தாலும் பில்ட் ஓடுதுன்னா எவன் திருத்துவான்? பந்து எதிரணிக்குப் போறதுங்கறது எர்ரர். திருத்தாம அடுத்த வரிக்கே போக முடியாது.

*

அடுத்து கடிகாரத்தை நிறுத்து கோஷ்டி. இவங்க நல்லவங்க, ஆனா கணக்கை மட்டும் பார்க்கறவங்க. 2017-லேயே ஐஎஃப்ஏபி ஒரு யோசனையை விவாதத்துக்கு விட்டது: பாதிக்கு 30 நிமிஷம், பந்து நின்னா கடிகாரமும் நிக்கும். பெரிய லீக்குகள்லயே 90 நிமிஷ ஆட்டத்துல பந்து உருள்றது ஒரு மணி நேரத்தைத் தொடறது அபூர்வம், அதனால 30+30 நியாயமான கணக்குதான்னு வாதம்.

காகிதத்துல சரி. ஆனா நேரம் கடத்தறவன் திருடறது வெறும் நிமிஷத்தை இல்லை. வேகத்தைத் திருடறான். தோத்துக்கிட்டு இருக்கிற டீம் அலை அலையா ஏறி வரும், கூட்டம் எழுந்து நிக்கும், எதிராளி மூச்சு வாங்குவான், இன்னும் ரெண்டு நிமிஷத்துல கோல் விழப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப ஒருத்தன் படுக்கறான். மூணு நிமிஷம் போகுது. அந்த மூணு நிமிஷத்தை நீங்க கடைசியில பைசா பாக்கியில்லாம திருப்பிக் கொடுக்கலாம். அந்த அலையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? கொதிக்கற பாலை அடுப்பை அணைச்சு ஆற வச்சுட்டு, "இந்தா, கேஸை மிச்சம் வச்சிருக்கேன், அப்புறம் பத்த வச்சுக்கோ"ங்கற மாதிரி இருக்குது.

கடிகாரத்தை நிறுத்தினா கடத்தறவனுக்கு இன்னும் சௌகரியம். மூச்சு வாங்க இலவச ஓய்வு, மனசாட்சி உறுத்தலும் கிடையாது. "அதான் கடிகாரம் நின்னுடுச்சே, உனக்கென்ன நஷ்டம்?"னு கேட்பான். கடிகாரம் நிக்கற இடத்துல எல்லாம் டிவிக்காரன் வந்து பான் மசாலா விளம்பரம் போடுவான். ஓவருக்கு ஓவர் விளம்பரம் பார்த்துப் பழகின நமக்கு அதைத் தனியா விளக்க வேண்டாம்.

2022 கத்தார்ல கூடுதல் நேரத்தை அள்ளிக் கொடுத்ததும் இதே வகைதான். இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்துல ரெண்டு பாதியும் சேர்த்து 27 நிமிஷம் மாதிரி கூட ஓடுச்சு. அதுல பெரும்பங்கு ஈரான் கீப்பர் தலையில அடிபட்டதால, அது நியாயமான நேரம், மறுக்கலை. ஆனா கூட்டிக் கொடுக்கறது மட்டுமே மருந்துன்னா, ஆட்டம்தான் நீளும், கடத்தல் குறையாது.

அப்புறம் ஒரு சாதாரண விஷயம். கடிகாரத்தை நிறுத்தி ஓட்ட ஒரு ஆள் வேணும், ஒரு பலகை வேணும். கூடுதல் நேரம் கொடுக்க வெளிச்சம் வேணும். எங்க ஊர்ல ரெண்டும் இல்லை. உலகத்துல ஃபுட்பால் ஆடற இடங்கள்ல பெரும்பாலானது எங்க ஊரு மாதிரிதான் இருக்குது, கத்தார் ஸ்டேடியம் மாதிரி இல்லை. அஞ்சு வரைக்கும் எண்ண என்ன வேணும்? ஒரு கை. அது எல்லா ரெஃப்ரிகிட்டயும் இருக்குது.

*

இப்ப என் சண்டை. சிகிச்சை எடுத்தவர் ஒரு நிமிஷம் வெளிய நிக்கணும்ங்கற விதி. எதிராளிக்கு மஞ்சளோ சிவப்போ கிடைச்ச ஃபவுல்ல அடிபட்டிருந்தா வெளிய போக வேண்டாம், கீப்பருக்கு விலக்கு, எல்லாம் தெரியும். நடிக்கறவனைப் பிடிக்கத்தான் இது. 2002 உலகக் கோப்பையில துருக்கிக்கு எதிரா, தொடையில பட்ட பந்துக்கு முகத்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்த ரிவால்டோவை யாரும் மறக்கலை. 11,500 ஸ்விஸ் ஃப்ராங்க் அபராதத்தோட போச்சு. அந்த மாதிரி ஆளுங்க ஒரு நிமிஷம் வெளிய நின்னா எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனா பாறைக் கிரவுண்டுல வெறுங்கால்ல ஆடற பையன்? டாக்டரும் கிடையாது, ஸ்ட்ரெச்சரும் கிடையாது. டீம் ஒரு கோல் பின்னாடி இருக்குது. முட்டி கிழிஞ்சிருக்குது. "அடிபட்டுச்சுன்னு சொன்னா ஒரு நிமிஷம் பத்து பேரு"ன்னு அவனுக்குத் தெரிஞ்சா அவன் என்ன செய்வான்? மறைப்பான். தலையில அடிபட்டவனும் மறைப்பான். நடிக்கறவனைப் பிடிக்கப் போட்ட வலையில நிஜமா அடிபட்டவன் சிக்குவான். பள்ளிக்கூட, கிராம ஆட்டங்களுக்கு இதை அப்படியே இறக்கக் கூடாது. நேரம் கடத்தினா பந்தைப் பிடுங்கு, சரி. வலிக்குதுன்னு சொல்றதுக்கு விலை வைக்காதே.

இன்னொரு ஓட்டையும் ஒத்துக்கணும். ரெண்டு டீமுமே சேர்ந்து கடத்தினா எந்த எண்ணிக்கையும் உதவாது. 1982-ல கிஹோன்ல மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அதைத்தான் செஞ்சாங்க. பத்தாவது நிமிஷத்துல ஜெர்மனிக்கு ஒரு கோல், அந்த ஸ்கோர்ல ரெண்டு பேருமே அடுத்த சுத்து. மிச்ச 80 நிமிஷம் பந்தைத் தாலாட்டினாங்க. முந்தின நாளே தன் ஆட்டத்தை முடிச்சுட்டு உட்கார்ந்திருந்த அல்ஜீரியா வெளிய போச்சு. அதுக்கு வேற மருந்து கண்டுபிடிச்சாங்க, கடைசி குரூப் ஆட்டங்கள் ஒரே நேரத்துலன்னு. ஒவ்வொரு திருட்டுக்கும் தனித்தனி பூட்டு. எல்லாத்துக்கும் ஒரே சாவின்னு விக்கறவனை நம்பாதீங்க.

*

சரி, பேசிட்டே இருந்தா ஆச்சா? 2025 மே மாசம் மலையில மறுபடி ஒரு டோர்னமெண்ட். எட்டு விநாடி செய்தி அப்ப வந்திருந்தது. நான் பி.டி. சார்கிட்ட போய், "சார், நாம கீப்பருக்கு மட்டும் இல்ல, த்ரோ இன், கோல் கிக் எல்லாத்துக்கும் எண்ணிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். அவர் ரெண்டு நாள் யோசிச்சார். "எண்ணறேன்பா. ஆனா முதல் அடி உங்க டீமுக்கு விழுந்தா நீ எங்கிட்ட வரக் கூடாது"ன்னார். (ஆக, த்ரோ இன்னை எண்றதுல ஐஎஃப்ஏபிக்கு நாங்க ஒன்பது மாசம் சீனியர். ஹி ஹி.)

அவர் வாக்கு பலிச்சது. முதல் ஆட்டம், நாங்க ஒரு கோல் முன்னாடி. ஜனவரியில என்கிட்ட கேள்வி கேட்டானே அதே லெஃப்ட் விங் பையன், த்ரோ இன் எடுக்கப் போய் பந்தைத் துடைச்சான், பார்த்தான், கீழ வச்சான். சார் கை தூக்கினார். விரல் ஒவ்வொண்ணா மடங்குச்சு. விசில். பந்து அவங்களுக்கு.

எங்க ஊரே என்னைத் திட்டுச்சு. சொந்த செலவில் சூனியம்னா இதுதான். எங்க பெரியப்பா, "படிச்சவன் ஊருக்கு வந்தாலே ஏழரைதான்"னு எல்லார் முன்னாடியும் சொன்னார். அதோட விட்டாங்களா? அடுத்த ஆட்டத்துல கூட்டமே சேர்ந்து எண்ண ஆரம்பிச்சது. அதுவும் எதிரணி பந்து வச்சிருந்தா அஞ்சுலேர்ந்து ஜீரோவுக்கு ஒண்ணரை விநாடியில வந்துடறாங்க! நம்ம பையன் வச்சிருந்தா அஞ்சுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு டீ குடிக்கலாம். சார் ஆட்டத்தை நிறுத்தி, "என் விரல்தான் கணக்கு, உங்க வாய் இல்ல"ன்னு அறிவிக்க வேண்டியதாப் போச்சு.

ஆனா ரெண்டு நாள் ஆட்டத்துல மொத்தம் மூணே தடவைதான் பந்து கை மாறுச்சு. ரெண்டாவது நாள் ஒண்ணு கூட இல்லை. எண்றதுக்கே வேலை குறைஞ்சது. சூரியன் இருக்கும்போதே ஃபைனல் முடிஞ்சது. நாங்க அதுலயும் தோத்தோம், 3-2. தோத்துட்டு சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க பசங்க. அஞ்சு கோல் விழுந்த ஆட்டம்!

ஐஎஸ்எல்ல 2023 மார்ச் 3-ம் தேதி நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. பெங்களூரு - கேரளா ப்ளாஸ்டர்ஸ், கூடுதல் நேரம், 96-வது நிமிஷம். கேரளா ஆளுங்க சுவர் கட்டிக்கிட்டு இருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைத் தட்டி கோல் போட்டுட்டார். கேரளா டீம் கிரவுண்டை விட்டே வெளிய போச்சு, அப்புறம் நாலு கோடி அபராதம். யாரு சரின்னு நான் பஞ்சாயத்து பண்ண வரலை. ஆனா ஒண்ணு கவனிங்க. சீக்கிரமா ஆடினதுக்கு இந்த நாட்டுல ஒரு கலவரமே நடந்தது. மெதுவா ஆடினதுக்கு என்னிக்காவது யாராவது வெளிநடப்பு பண்ணியிருக்காங்களா? ஆட்டம் நிக்கறதுதான் இயல்பு, ஓடறதுதான் குறும்புன்னு நம்ம கண்ணே பழகிப் போச்சு. அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இந்த விதிகள்.

மாவட்டச் சங்கங்களுக்கும் பள்ளிக்கூடப் போட்டி நடத்தறவங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உலகக் கோப்பையில வர்றது ஊருக்கு வந்து சேர பத்து வருஷம் ஆகணும்னு ஒண்ணும் இல்லை. இதுக்கு பட்ஜெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம், கேமரா வேண்டாம். இந்த சீசன்லயே ரெஃப்ரிகளை எண்ணச் சொல்லுங்க. பந்தைத் தாமதப்படுத்தினவன்கிட்டேர்ந்து பந்தை வாங்கி அடுத்தவன்கிட்ட கொடுக்கச் சொல்லுங்க.

அஞ்சு விநாடியில என்ன ஆயிடப் போகுதுன்னு கேட்கறவங்களுக்கு ஒண்ணு. எங்க மலையிலேயே, ஜமுனாமரத்தூர்லேர்ந்து ஆலங்காயம் போற பக்கம், காவலூர்ல வானாய்வு நிலையம் இருக்குது. 1977 மார்ச் 10-ம் தேதி ராத்திரி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கறதைப் பார்க்கக் காத்திருந்தாங்க. கிரகம் வர்றதுக்கு முன்னாடியே நட்சத்திரத்தோட வெளிச்சம் சில விநாடி மங்கி மறுபடி வந்தது. அதைச் சும்மான்னு விட்டுடலை, குறிச்சு வச்சாங்க. யுரேனஸுக்கு வளையம் இருக்குதுன்னு அன்னிக்கு உலகம் கண்டுபிடிச்சதுல எங்க மலையோட அந்தச் சில விநாடிக்கும் பங்கு உண்டு.

விநாடியை எண்றது எங்க மலைக்குப் புதுசில்லை. கிரவுண்டுலயும் எண்ணுவோம்.

டிஸ்கி: போன தடவை ஊருக்குப் போனப்ப அந்தச் சின்னப் பசங்களைப் பார்த்தேன். உருள்ற விளையாட்டை விட்டுட்டாங்க. இப்ப ஒருத்தன் ரெஃப்ரி, கையைத் தூக்கி விரலை மடக்கறான், மத்தவங்க அடிச்சுப் பிடிச்சு பந்தை உள்ள எறியறாங்க. யாரு ரெஃப்ரியா இருக்கறதுன்னுதான் இப்ப சண்டையே. :-)